டிரைவ் ‘காலி’ என்கிறதா? பூட்டிய ஹார்ட் டிஸ்க்கில் பார்ட்டிஷன் தொலைந்தால் செய்ய வேண்டியதும் கூடாததும்

மேட்டுப்பாளையம் ஊட்டி ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. கல்யாண ஸ்டுடியோ நடத்தும் ஒருவர் வந்து, துணிப்பையிலிருந்து 2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

“தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க. சொருகினா பாஸ்வேர்டு கேக்கும், அடிச்சா தொறந்துக்கும். காப்பி ஆயிட்டு இருக்கையில கரண்டு போயிருச்சு. இப்பச் சொருகினா பாஸ்வேர்டே கேக்க மாட்டேங்குது. டிஸ்க்கை இனிஷியலைஸ் பண்ணட்டுமாங்குது.”

“பண்ணிப்போட்டீங்களாங்ணா?”

“ஓகே குடுத்துட்டனுங்க.”

“அப்புறம் பார்மேட்டு?”

“அதுக்குள்ள பயந்துபோயி புடுங்கிட்டேன். ஏனுங்க தம்பி, எல்லாம் போச்சா? ஒரு கல்யாண வீடியோ இருக்குது. இணைச்சீர் நடக்கையில பக்கத்துல உக்காந்திருந்த மாப்பிள்ளையோட அப்பாரு போன மாசம் தவறிட்டாருங்க. அவரு இருக்கிற கடைசி வீடியோ இதுலதான். அவங்களுக்கு இன்னும் ஆல்பமே குடுக்கல.”

எந்த ஊரிலும், எந்தக் கடையிலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஒரு உதாரணத்துக்காக இங்கே மேட்டுப்பாளையத்தில் நடக்கிறது. டிரைவின் சொந்தக்காரர் ஆடிட்டராகவோ, வக்கீலாகவோ, குடும்ப போட்டோக்களைச் சேர்த்து வைத்த இல்லத்தரசியாகவோ இருக்கலாம். எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிரைவ், உள்ளே ஒன்றுமே இல்லை என்று சொன்னால், எல்லாம் போய்விட்டதா?

பெரும்பாலான சமயம், போகவில்லை. தொலைந்தது முகவரி மட்டும்தான். ஆனால் அதைத் தேடும் அவசரத்தில் அடுத்து அமுக்கும் பட்டன், உண்மையிலேயே எல்லாவற்றையும் அழித்துவிடலாம். எது தொலைந்தால் மீட்கலாம், எது தொலைந்தால் மீட்கவே முடியாது என்ற வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதி டிரைவ்கள் தப்பிவிடும்.

பார்ட்டிஷன் என்பது என்ன?

ஊட்டிக் கிழங்கு ஏலம் போகும் மேட்டுப்பாளையத்து மண்டி ஒன்றை மனதில் கொள்ளலாம். வாசலில் ஒரு நோட்டு. எந்தக் குடோன் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. நோட்டைத் தாண்டி உள்ளே போனால் குடோன். குடோன் கதவில் பூட்டு. கதவுக்குப் பின்னால் மூட்டைகள்.

ஹார்ட் டிஸ்க்கில் வாசல் நோட்டின் பெயர் பார்ட்டிஷன் டேபிள். குடோன்தான் பார்ட்டிஷன். மூட்டைகள் நம் பைல்கள்.

இந்த நோட்டு மிகச் சிறியது. பழைய எம்.பி.ஆர் முறையில் டிஸ்க்கின் முதல் செக்டரில், அதாவது முதல் 512 பைட்டுக்குள் எல்லாமே அடக்கம். அதிலும் பார்ட்டிஷன் விவரங்களுக்கு 64 பைட்தான். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு. புதிய ஜி.பி.டி முறையில் டிஸ்க்கின் தொடக்கத்தில் 34 செக்டர்கள் இதற்காக ஒதுக்கப்படுகின்றன. டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு நகலும் வைக்கப்படும்.

2 டெராபைட் டிரைவில் சில ஆயிரம் பைட் கெட்டுப்போனாலே கம்ப்யூட்டர் “இது காலி டிரைவ்” என்று சொல்லிவிடும். நோட்டு கிழிந்தால் குடோன் இருக்கும் இடம் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். குடோனும் மூட்டையும் அங்கேயேதான் இருக்கின்றன.

‘இனிஷியலைஸ்’ என்ற பட்டன் செய்வது, கிழிந்த நோட்டை எடுத்துவிட்டுப் புது நோட்டு வைப்பது. அதில் எந்தக் குடோனும் எழுதப்பட்டிருக்காது. பார்ட்டிஷனுக்குள் இருப்பதை அது தொடுவதில்லை. அதனால்தான் ஸ்டுடியோக்காரர் ஓகே கொடுத்ததும் இடி விழுந்துவிடவில்லை. ‘பார்மேட்’ வேறு கதை. அது குடோனுக்குள்ளேயே போய்க் கை வைக்கும்.

பூட்டு எங்கே இருக்கிறது?

சாதாரண டிரைவில் நோட்டு தொலைந்தால்கூட, குடோனுக்குள் எட்டிப்பார்த்து மூட்டையை அடையாளம் காணலாம். ஒவ்வொரு ஜேபெக் படமும் குறிப்பிட்ட சில பைட்டுகளோடுதான் தொடங்கும்; வீடியோ பைலும் அப்படியே. அந்த அடையாளத்தை வைத்துத்தான் ‘போட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள்கள் பைல்களைப் பொறுக்கி எடுக்கின்றன.

குறியாக்கம் செய்த டிரைவில், அதாவது என்கிரிப்ட் செய்த டிரைவில், இந்த வித்தை பலிக்காது. உள்ளே இருப்பது எல்லாமே கலைத்துப்போட்ட எண்கள். படம், வீடியோ, காலி இடம் எதற்கும் அடையாளம் தெரியாது. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே பூட்டினோம். ஆகவே பூட்டிய டிரைவில் முதலில் பூட்டைத் திறக்க வேண்டும், பிறகுதான் பைலைத் தேட வேண்டும். இந்த வரிசை மாறினால் நாள் முழுக்க ஸ்கேன் ஓடினாலும் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது.

பூட்டைப் பற்றி ஒரு முக்கியமான உண்மை பலருக்குத் தெரியாது. நாம் அடிக்கும் பாஸ்வேர்டு நேரடியாக நம் பைல்களைப் பூட்டுவதில்லை. டிரைவை முதன்முதலில் பூட்டும்போது மென்பொருள் தானாக ஒரு நீளமான ரகசிய எண்ணை உருவாக்குகிறது. பைல்களைப் பூட்டுவது அந்த எண்தான். அந்த எண்ணை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியைத்தான் நம் பாஸ்வேர்டு பூட்டுகிறது. அந்தப் பெட்டிக்குத் தொழில்நுட்பத்தில் ‘ஹெட்டர்’ என்று பெயர். அதுவும் அதே டிரைவில்தான் இருக்கிறது.

இதன் பொருள்: பாஸ்வேர்டு நன்றாக நினைவிருந்தாலும், ஹெட்டர் அழிந்துவிட்டால் டிரைவ் திறக்காது. பெட்டியே இல்லாதபோது பெட்டிச் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார்ட்டிஷன் டேபிள் போனால் திரும்பவும் எழுதலாம். ஹெட்டரும் அதன் எல்லா நகல்களும் போனால், தரவு அப்படியே டிரைவில் இருக்கும். ஆனால் யாராலும் படிக்க முடியாது.

மூன்று பூட்டுகள், எத்தனை நகல்?

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, டிரைவ் எந்த மென்பொருளால் பூட்டப்பட்டது என்பது. நம்மிடையே அதிகம் புழங்குபவை மூன்று.

பிட்லாக்கர்: விண்டோஸோடு வருவது. 2007-ல் விஸ்டாவோடு அறிமுகமானது. எக்ஸ்டர்னல் டிரைவ்களுக்கான ‘பிட்லாக்கர் டு கோ’ 2009-ல் விண்டோஸ் 7-உடன் வந்தது. சாவிப் பெட்டியை இது டிரைவில் மூன்று இடங்களில் நகல் எடுத்து வைக்கிறது. ஒன்று கெட்டாலும் இன்னொன்று உதவும். என்.டி.எஃப்.எஸ் முறையில் இருக்கும் டிரைவ்களில் பார்ட்டிஷனின் முதல் செக்டரிலேயே ‘எஃப்விஇ-எஃப்எஸ்’ என்ற முத்திரையும் இருக்கும். ஆகவே தேடிக் கண்டுபிடிப்பது எளிது. மூன்றில் நமக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான்.

வெராகிரிப்ட்: இலவச மென்பொருள். பரவலாக இருந்த ‘ட்ரூகிரிப்ட்’ 2014 மே மாதம் நிறுத்தப்பட்ட பிறகு பலர் இதற்கு மாறினார்கள். இது சாவிப் பெட்டியை பார்ட்டிஷனின் தொடக்கத்தில் ஒன்றும், கடைசியில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் வைக்கிறது. ஆனால் முத்திரை எதுவும் கிடையாது. இங்கே ஒரு பூட்டு இருக்கிறது என்பதே வெளியே தெரியக்கூடாது என்பது இதன் கொள்கை. அதனால் நல்ல நிலையில் இருக்கும் வெராகிரிப்ட் டிரைவைச் சொருகினாலும் விண்டோஸ் “பார்மேட் செய்யவா?” என்றுதான் கேட்கும். விவரம் தெரியாமல் வீட்டில் யாராவது ஒருவர் ‘சரி’ என்று அமுக்கிவிடும் அபாயம் இதில்தான் அதிகம்.

லக்ஸ்: லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் புழங்குவது. இதில் முத்திரை உண்டு, கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் சாவி இருக்கும் பகுதிக்கு ஒரே ஒரு பிரதிதான், அதுவும் பார்ட்டிஷனின் தொடக்கத்திலேயே. புதிய லக்ஸ்2 முறையில் விவரக்குறிப்புகளுக்கு இரண்டு நகல் இருந்தாலும், சாவிப் பகுதிக்கு நகல் இல்லை. சாவியை நாமே அழிக்கும்போது அது மீட்க முடியாதபடி முழுசாக அழிந்துபோக வேண்டும் என்பதற்காக, சாவிப் பகுதியில் கொஞ்சம் கெட்டாலும் முழுதும் பயனற்றுப் போகும்படி வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, தவறுதலாகப் பார்மேட் அமுக்கியவருக்கும் அதே தண்டனையைக் கொடுக்கும்.

எந்தப் பட்டன் எவ்வளவு அழிக்கும்?

இனிஷியலைஸ்: பார்ட்டிஷன் டேபிளை மட்டும் மாற்றும். பார்ட்டிஷனுக்குள் இருக்கும் ஹெட்டருக்குப் பாதிப்பில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. வெராகிரிப்ட், லக்ஸ் இரண்டிலும் பார்ட்டிஷனே போடாமல் முழு டிரைவையும் அப்படியே பூட்ட முடியும். அப்படிப் பூட்டியிருந்தால் ஹெட்டர் முதல் செக்டரிலேயே இருக்கும்; இனிஷியலைஸ் அதன்மேல் எழுதிவிடும். வெராகிரிப்ட் என்றால் கடைசியில் உள்ள நகல் காப்பாற்றும். லக்ஸ் என்றால் ஆபத்து.

குயிக் பார்மேட்: பார்ட்டிஷனின் தொடக்கத்திலும் நடுவில் சில இடங்களிலும் புதிதாக எழுதும். பிட்லாக்கரில் மூன்று நகல்களில் ஒன்றாவது தப்பிக்க வாய்ப்பு உண்டு. வெராகிரிப்டில் முதல் ஹெட்டர் போகும், கடைசி ஹெட்டர் பெரும்பாலும் தப்பும். லக்ஸில் பிழைப்பது கடினம்.

முழு பார்மேட்: விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸில், ‘குயிக்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு பார்மேட் செய்தால் பார்ட்டிஷன் முழுவதும் பூஜ்ஜியத்தால் நிரப்பப்படும். முடிந்துவிட்டால் எந்தப் பூட்டும், எந்தக் கடையும் உதவாது. பாதியில் நிறுத்தினால் மீதிப் பகுதிக்கு மட்டும் நம்பிக்கை உண்டு.

எஸ்.எஸ்.டி டிரைவ் என்றால் இன்னும் கவனம் தேவை. குயிக் பார்மேட் செய்ததும் ‘இந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை’ என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிவிடலாம். ட்ரிம் எனப்படும் அந்தக் கட்டளை போய்விட்டால் டிரைவ் தானாகவே உள்ளே துடைக்க ஆரம்பித்துவிடும். ஆகவே எஸ்.எஸ்.டியைச் சொருகியபடியே யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே கழற்றிவிட வேண்டும்.

இவை தவிர ‘செக்டிஸ்க்’ ஓட்டுவது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘நியூ சிம்பிள் வால்யூம்’ போட்டுப் பார்ப்பது, மீட்பு மென்பொருளை அதே டிரைவில் இன்ஸ்டால் செய்வது ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம். எல்லாமே டிரைவில் எழுதும் வேலைகள்.

முதல் வேலை: நகல்

சர்வீஸ் கடையில் அந்தத் தம்பி டிரைவில் எதையும் சரிசெய்யப் போகவில்லை. அதைவிடப் பெரிய இன்னொரு டிரைவைக் கேட்கிறார்.

“4 டிபி ஒண்ணு புதுசா வாங்கிக்கங்ணா. இதை அப்படியே அதுக்குள்ள காப்பி எடுத்துட்டு, வேலையெல்லாம் காப்பியிலதான் பாக்கணும். இதைத் தொடவே மாட்டேன்.”

இந்தத் துறையில் இது அடிப்படைப் பாடம். பைல்களை இழுத்துப் போடும் காப்பி அல்ல இது. முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை உள்ளதை உள்ளபடி ஒரே பைலாக எடுப்பது. இதற்கு ‘இமேஜ்’ என்று பெயர். லினக்ஸில் கிடைக்கும் ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’ இதற்குப் பேர்போனது. படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும். எதுவரை எடுத்தோம் என்று குறித்து வைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 2 டெராபைட்டை எடுக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். பழுதான டிரைவ் என்றால் நாள்கணக்கில் ஆகலாம். யு.பி.எஸ் இல்லாமல் தொடங்குவது சரியல்ல. டிரைவுக்குள் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் இந்த வேலையும் வேண்டாம். அது மெக்கானிக்கல் பழுது. உள்ளே தூசியில்லாத அறையில் திறந்து பார்க்கும் வசதியுள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

தொலைந்த வாசலைத் தேடுவது

நகல் கையில் இருந்தால் பயமின்றித் தேடலாம். பார்ட்டிஷன் எந்தச் செக்டரில் தொடங்கியது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே சுமாராகச் சொன்னால் போதாது. பூட்டிய தரவின் ஒவ்வொரு செக்டரும், தொடக்கத்திலிருந்து அது எத்தனையாவது என்ற கணக்கையும் சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும். ஒரு செக்டர் தள்ளிப் போனாலும் எல்லாம் குப்பையாகத் தெரியும்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெராகிரிப்டில் இடம் தவறாக இருந்தாலும், பாஸ்வேர்டு தவறாக இருந்தாலும் வருவது ஒரே செய்திதான்: பாஸ்வேர்டு தப்பாக இருக்கலாம், அல்லது இது வெராகிரிப்ட் வால்யூமே அல்ல. சரியான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, ‘மறந்துவிட்டோம் போல’ என்று நம்பிக்கை இழந்து டிரைவைப் பார்மேட் செய்தால், நஷ்டம் முழுக்க நம்முடையது. முதலில் இடத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

நல்லவேளையாக, தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி காலத்து டிரைவ்களில் முதல் பார்ட்டிஷன் 63-வது செக்டரில் தொடங்கும். விஸ்டாவுக்குப் பிறகு பெரும்பாலும் 2048-வது செக்டர், அதாவது சரியாக 1 மெபிபைட் தள்ளி. விண்டோஸில் ஜி.பி.டி முறையில் தயார் செய்த டிரைவ்களில் முன்னால் ஒரு சிறு ஒதுக்கீட்டுப் பகுதி இருப்பதால், 32768 அல்லது 264192-வது செக்டரில் தொடங்கலாம். இந்த நான்கையும் பார்த்தாலே பல சமயம் வாசல் அகப்பட்டுவிடும்.

கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருள் இந்தத் தேடலைத் தானாகச் செய்யும். முத்திரை உள்ள லக்ஸ் பார்ட்டிஷன்களை அது அடையாளம் காணும். ஜி.பி.டி டிரைவ் என்றால் கடைசியில் உள்ள நகலிலிருந்தே டேபிளை மீட்க முடிகிறதா என்றும் பார்க்கலாம். இனிஷியலைஸ் செய்தபோது அதன்மேலும் எழுதப்படாமல் இருந்தால் வேலை சுலபம்.

வெராகிரிப்டுக்கு முத்திரை இல்லை. ஆகவே இமேஜிலிருந்து மேற்சொன்ன செக்டரில் தொடங்கி பார்ட்டிஷன் முடியும் இடம் வரை தனி பைலாக வெட்டி, அதையே ஒரு வெராகிரிப்ட் பைல்போலத் திறந்து பார்க்க வேண்டும். தொடக்க ஹெட்டர் கெட்டிருந்தால், திறக்கும்போதே ‘உள்ளே உள்ள பேக்கப் ஹெட்டரைப் பயன்படுத்து’ என்ற டிக்கைப் போடலாம். அதற்கு பார்ட்டிஷனின் முடிவும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பிட்லாக்கரில் பார்ட்டிஷனைச் சரியான இடத்தில் திரும்ப எழுதினாலே, டிரைவைச் சொருகியதும் பழையபடி பாஸ்வேர்டு கேட்க வேண்டும். பார்மேட்டால் தொடக்கப் பகுதி கெட்டிருந்தால் விண்டோஸோடு வரும் ‘ரிப்பேர்-பிடிஇ’ என்ற கட்டளை இருக்கிறது. மூன்று நகல்களில் எது உயிரோடு இருக்கிறது என்று அது தேடும். மீட்ட தரவை இன்னொரு டிரைவில் எழுதும். அந்த இன்னொரு டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலி டிரைவைத்தான் கொடுக்க வேண்டும்.

பூட்டு திறந்த பிறகு சில பைல்கள் கெட்டிருந்தால் பதற வேண்டியதில்லை. செக்டர் செக்டராகத் தனித்தனியே பூட்டியிருப்பதால் ஒரு மூட்டை நனைந்தால் பக்கத்து மூட்டை கெடாது. இப்போதுதான் போட்டோரெக் போன்றவற்றுக்கு வேலை. திறந்த டிரைவின்மீது ஓட்டினால் அவை மிச்சத்தையும் பொறுக்கித் தரும்.

பெட்டியை உடைப்பதற்கு முன்

“கேபிள் போர்டுல கோளாறா இருக்கும், உள்ள இருக்கிற டிஸ்க்கைக் கழட்டி வேற பெட்டியில போட்டுப் பாப்போம்” என்று சொல்லாத கடையே இல்லை. சில சமயம் அது பலிக்கும். சில சமயம் பார்ட்டிஷன் தொலைவதற்கே அதுதான் காரணம்.

சில எக்ஸ்டர்னல் பெட்டிகள் டிஸ்க்கின் செக்டர் அளவை 512 பைட்டுக்குப் பதிலாக 4096 பைட் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதே டிஸ்க்கை வேறு பெட்டியில் போட்டால் கணக்கு எட்டு மடங்கு மாறிவிடும். பார்ட்டிஷன் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். பழைய பெட்டியிலேயே திரும்பப் போட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு வகை, பெட்டியே பூட்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல ‘மை பாஸ்போர்ட்’ மாடல்களில் யு.எஸ்.பி போர்டில் உள்ள சிப்பே தரவைக் குறியாக்கம் செய்கிறது. பாஸ்வேர்டு போடாதவர்களுக்கும் இது நடக்கும். டிஸ்க்கைத் தனியே கழற்றி நேராகச் சொருகினால் கலைந்த எண்கள்தான் வரும். போர்டு கெட்டிருந்தால்கூட அதைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. சாவியைத் திறக்க அதே வகைச் சிப் வேண்டியிருக்கும்.

பாஸ்வேர்டே மறந்துவிட்டால்?

பிட்லாக்கர் என்றால் 48 இலக்க ரெகவரி கீயைத் தேட வேண்டும். டிரைவைப் பூட்டும்போதே விண்டோஸ் அதை எங்காவது சேமிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியிருக்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கலாம். டாக்குமெண்ட்ஸ் போல்டரில் டெக்ஸ்ட் பைலாக இருக்கலாம். பிரின்ட் எடுத்துப் பீரோவில் வைத்திருக்கலாம். ஆபீஸ் டிரைவ் என்றால் நிறுவனத்தின் ஐ.டி பிரிவிடம் இருக்கலாம். ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். மங்கிப்போன பிரின்டில் ஓர் எண் 3-ஆ 8-ஆ என்று தெரியாவிட்டால் இந்தக் கணக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கீயும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை என்றால், ‘பூட்டை உடைத்துத் தருகிறோம்’ என்ற வாக்குறுதிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்த 48 இலக்கத்துக்குப் பின்னால் இருப்பது 128 பிட் எண். விநாடிக்கு ஒரு லட்சம் கோடி முறை முயன்றாலும், எல்லா எண்களையும் பார்த்து முடிக்க லட்சம் கோடி கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

அரசுகளுக்கும் இதே கதைதான். 2008 ஜூலையில் பிரேசில் வங்கியாளர் டேனியல் டான்டாஸின் ரியோ வீட்டிலிருந்து போலீஸார் ஐந்து ஹார்ட் டிஸ்க்குகளைக் கைப்பற்றினார்கள். ட்ரூகிரிப்ட் உள்ளிட்ட மென்பொருள்களால் பூட்டப்பட்டவை. பிரேசிலின் தடயவியல் நிபுணர்கள் ஐந்து மாதம் போராடினார்கள். பிறகு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ ஓராண்டு முயன்றது. 2010-ல் டிஸ்க்குகள் திறக்கப்படாமலே திரும்பி வந்தன.

ஆனால் பாஸ்வேர்டு அரைகுறையாக நினைவிருந்தால் நிலைமை வேறு. குலசாமி பெயர், வண்டி நம்பர், பிள்ளையின் பிறந்த ஆண்டு என்று நாம் வழக்கமாகச் சேர்க்கும் சில நூறு சேர்க்கைகளைக் கணினியே முயன்று பார்க்க வழி இருக்கிறது. மென்பொருள் பூட்டுகளில், நகலை வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம்.

பூட்டே வன்பொருளில் இருந்தால் அந்தச் சலுகை இல்லாமல் போகலாம். ஜெர்மனியில் பிறந்த புரோகிராமர் ஸ்டெஃபன் தாமஸின் 7,002 பிட்காயின்களுக்கான சாவி ‘அயர்ன்கீ’ என்ற பென்டிரைவில் இருக்கிறது. பாஸ்வேர்டு எழுதிய காகிதம் தொலைந்துவிட்டது. பத்து முறைதான் முயலலாம் என்ற பூட்டில் எட்டு முறை தவறிவிட்டதாக 2021 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அன்றைய மதிப்பில் அது சுமார் 22 கோடி டாலர்.

கடையில் கொடுக்கும்போது

தொலைந்த பார்ட்டிஷனைக் கண்டுபிடித்துத் திரும்ப எழுத, பிட்லாக்கரிலும் லக்ஸிலும் பாஸ்வேர்டு தேவையே இல்லை. நகல் எடுக்கவும் தேவையில்லை. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி டிரைவின்மேல் ஒட்டிக் கொடுப்பது, பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கைப்பிடியில் தொங்கவிடுவதற்குச் சமம். திறக்கும் கட்டம் வரும்போது சொந்தக்காரரே நேரில் போய் அடிக்கலாம். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்களையும் ஆதார் நகல்களையும் நம்பி வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் அவசியம்.

இனி இப்படி ஆகாமல் இருக்க

டிரைவைப் பூட்டிய அன்றே மூன்று வேலைகளைச் செய்துவிட்டால் போதும்.

ஒன்று, சாவிப் பெட்டிக்குத் தனி நகல். பிட்லாக்கரில் ரெகவரி கீயைப் பிரின்ட் எடுத்துப் பத்திரங்களோடு வைக்கலாம். வெராகிரிப்டிலும் லக்ஸிலும் ஹெட்டரை மட்டும் தனி பைலாக எடுத்து வைக்க வசதி இருக்கிறது. சில நிமிட வேலை. ஒரு எச்சரிக்கை: பிறகு பாஸ்வேர்டை மாற்றினாலும், பழைய ஹெட்டர் நகலைப் பழைய பாஸ்வேர்டால் திறக்கலாம். மாற்றியதும் பழைய நகலை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

இரண்டு, பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது. டிரைவின்மேல் ‘காலி இல்லை, பார்மேட் செய்யாதீர்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது.

மூன்று, தரவுக்கே இன்னொரு பிரதி. மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது உலகம் முழுக்க ஸ்டுடியோக்காரர்கள் கடைப்பிடிக்கும் விதி. பூட்டு என்பது திருட்டுக்கு எதிரான காவல் மட்டுமே, தொலைந்துபோவதற்கு எதிரானது அல்ல. ஒரே டிரைவில் இருப்பது பூட்டியிருந்தாலும் ஒரே டிரைவில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை. நகல் எடுத்து முடிந்திருக்கிறது. 2048-வது செக்டரில் பிட்லாக்கரின் முத்திரை அப்படியே இருக்கிறது. நகலில் பார்ட்டிஷனைத் திரும்ப எழுதியதும், திரையில் அந்தப் பழைய கட்டம் வந்து நிற்கிறது.

“பாஸ்வேர்டு கேக்குதுங்ணா. வாங்க, நீங்களே அடிங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.”